பல்வங்கர் பாலு: ஆட்டக்களமும் அரசியற்களமும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிப் படக் கண்காட்சி ஒன்று அமைப்பதெனத் தீர்மானித்து, ஒடுக்கப்பட்ட மக்களிடையே தோன்றிய பெருமக்களின் பெயர்களைத் தொகுக்க அமர்ந்தபோது, ஒரு பெயர் மட்டும் நெடுநேரம் விவாதத்திற்கு உள்ளாயிற்று. அது பல்வங்கர் பாலு என்னும் கிரிக்கெட் வீரரின் பெயர். "இந்தியாவின் முதற்பெரும் பந்துவீச்சாளர் நம்மவர், அவர் படம் முதல் வரிசையிலேயே இருத்தல் வேண்டும்" என்றனர் மூத்தோர். "அண்ணல் அம்பேத்கரை எதிர்த்துத் தேர்தலில் நின்றவர் படத்தை அண்ணலின் படத்தோடு ஒரே சுவரில் மாட்டுவதா?" என்று கேட்டனர் இளைஞர். இரு சாராரும் சொன்னவை உண்மையே. இரண்டு உண்மைகளையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்ப்பதே வரலாறு கற்பதன் பயன் என்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பாலுவைப் பற்றி நம்மிடையே இரண்டு கதைகள் வழங்குகின்றன. ஒன்று, தீண்டாமையைப் பந்தால் வென்ற வீரர் என்னும் புகழ்க்கதை. இதில் 1932-உம் 1937-உம் இடம்பெறுவதில்லை. மற்றொன்று, மேல்சாதியாரின் கைப்பாவை என்னும் பழிக்கதை. இதில் அவர் களத்தில் பட்ட பாடு இடம்பெறுவதில்லை. அவருடைய வாழ்வையும் அக்காலச் சூழலையும் விரிவாக ஆராய்ந்து வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா 2002-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பின்னர் இவ்விரு கதைகளில் ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது நமக்கு அழகன்று.

இளமையும் பயிற்சியும்

பாலு 1876-ஆம் ஆண்டில் தார்வாரில் பிறந்தார். தோல் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட சமார் வகுப்பினர். தந்தையார் இராணுவத் துறையைச் சார்ந்து பணிபுரிந்தமையால் குடும்பம் பூனாவில் வாழ்ந்தது. வெள்ளை அதிகாரிகள் ஆடிக் கழித்த மட்டையும் பந்துமே பாலுவுக்கும் தம்பி சிவராமுக்கும் முதல் ஆட்டப் பொருள்கள். பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில், ஆடுகளத்தைக் கூட்டிப் பெருக்கி உருளையிட்டுச் சமன் செய்யும் வேலை அவருக்குக் கிடைத்தது. மாத ஊதியம் 3 ரூபாய். பின்னர் ஐரோப்பியரின் பூனா கிளப்பில் 4 ரூபாய்க்குச் சேர்ந்தார். அங்கே வலை கட்டுவதும் களம் சீர் செய்வதும் அவர் கடமை. இடையிடையே ஆங்கிலேயர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசவும் வேண்டும்.

அவ்வாறு வீசிய பந்துகளே அவருக்குக் கல்வியாயின. கேப்டன் கிரெய்க் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலேய மட்டையாளர் நாள்தோறும் மற்றவர்க்கு முன்பாகவே வந்து பாலுவின் பந்துகளை எதிர்கொண்டு பயிற்சி செய்வாராம். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும்போதெல்லாம் எட்டணா கொடுப்பாராம். இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசும் கலையில் பாலு இங்ஙனம் தேர்ச்சி பெற்றார். ஆயினும் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். ஆயிரக்கணக்கான பந்துகளை வீசிய அவருக்கு அக்கிளப்பில் மட்டை பிடிக்கும் வாய்ப்புத் தரப்படவில்லை. பந்து வீசுவது ஏவலாளின் வேலை. மட்டை பிடிப்பது பிரபுக்களின் உரிமை. உழைப்பு நம்முடையது, ஆட்டம் பிறருடையது என்னும் நிலையை நம் பாட்டனார் வயல்வெளியில் கண்டனர்; பாலு விளையாட்டுத் திடலில் கண்டார்.

பந்தைத் தொடலாம், கோப்பையைத் தொடலாகாது

ஐரோப்பியரை வெல்ல விரும்பிய பூனா இந்துக்களுக்குப் பாலுவின் திறமை தேவைப்பட்டது. அவர் பிறப்போ தடையாயிற்று. நீண்ட வாதத்திற்குப் பின் அவரைச் சேர்த்துக்கொண்டனர். அவர் தொட்ட பந்தைப் பிராமண ஆட்டக்காரர்கள் தொட்டனர். ஆனால் தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே அமர்ந்து பீங்கான் கோப்பையில் அருந்த, பாலுவுக்குப் பெவிலியனுக்கு வெளியே, குடித்துவிட்டு எறியும் மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவும் தனியே. முகம் கழுவ வேண்டுமாயின் களத்தின் ஓரத்தில் அவர் இனத்தைச் சேர்ந்த பணியாளரே தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். இரட்டைக் குவளை என்று நம் கிராமத்துத் தேநீர்க் கடைகளில் நாம் கண்ட கொடுமை, நாகரிக விளையாட்டு என்று போற்றப்பட்ட கிரிக்கெட்டிலும் இருந்தது.

சாத்தாராவில் வெள்ளையர் அணியை அவர் பந்துவீச்சால் பூனா வென்ற பிறகு நிலைமை சற்றே மாறிற்று. நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே அவரைப் பாராட்டியதோடு, உடன் விளையாடத் தகுந்தவர் உடன் உண்ணவும் தகுந்தவரே என்னும் கருத்தையும் எடுத்துரைத்தார். 1896-ஆம் ஆண்டில் பூனாவில் பிளேக் நோய் பரவியதையொட்டிப் பாலு பம்பாய்க்குப் பெயர்ந்தார். அங்கு இந்து ஜிம்கானா என்னும் கிளப்பின் அணியில் இடம்பெற்றார். காலப்போக்கில் மற்ற ஆட்டக்காரர்களுடன் ஒரே இடத்தில் அமர்ந்து உண்ணும் நிலையும் வந்தது.

1906-ஆம் ஆண்டு பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் தோற்கடித்தனர். அவ்வெற்றிக்குப் பாலுவின் பந்துவீச்சு பெருங்காரணம். ஆளும் இனத்தாரை ஆளப்படுவோர் அவர்களுடைய ஆட்டத்திலேயே வென்ற நிகழ்ச்சி அது. 1911-ஆம் ஆண்டில் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி, முதல்தர ஆட்டங்கள் 14-இல் இரண்டில் மட்டுமே வென்றது. அவ்வளவு நலிந்த அணியில் இருந்துகொண்டு பாலு அப்பயணத்தில் 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். முதல்தர ஆட்டங்கள் 33-இல் 179 விக்கெட்டுகள் என்பது அவருடைய வாழ்நாள் கணக்கு. பத்தாண்டுக் காலம் அடையாளம் காணப்படாமலும், போதிய ஆட்டங்கள் கிடைக்காமலும் கழித்த ஒருவரின் கணக்கு இது என்பதை மறத்தலாகாது.

இங்கிலாந்திலிருந்து திரும்பிய அவருக்குப் பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் வரவேற்பு அளித்தனர். அவ்விழாவில் வரவேற்பிதழ் அளித்தவர், அப்போது 20 வயதுக் கல்லூரி மாணவராயிருந்த பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் என்று அறிகிறோம். தம் இனத்தில் ஒருவர் உலகறிய உயர்ந்து நின்றதைக் கண்டு பூரித்த இளைஞரின் வணக்கம் அது. இருவருக்கும் இடையே பின்னர் வந்த பிளவை எண்ணும்போது இக்காட்சியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தலைமை யாருக்கு?

அணியில் சிறந்தவர் அணிக்குத் தலைவராதல் இயல்பு. பாலு ஒருபோதும் இந்து அணியின் தலைவராக்கப்படவில்லை. 1913-ஆம் ஆண்டில் தலைவராக இருந்த எம்.டி. பை என்பார், அப்பெருமை பாலுவுக்கே உரியது என்று தாமே கூறினார். தலைவரே கூறியும் தேர்வுக் குழு கேட்கவில்லை.

1920-ஆம் ஆண்டில் இச்சிக்கல் வெடித்தது. பை நோயுற்றபோது தலைமை தேவதருக்குத் தரப்பட்டது. பாலுவோ அணியிலேயே சேர்க்கப்படவில்லை. தம்பியர் சிவராமும் விட்டலும் சாதியின் பெயரால் இழைக்கப்பட்ட இந்த அநீதியைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டு அணியிலிருந்து விலகினர். பம்பாய் முழுதும் இது பேச்சாயிற்று. இறுதியில் தேர்வுக் குழு இறங்கிவந்து, அடுத்த ஆட்டத்தில் பாலுவைத் துணைத் தலைவராக்கியது. அவ்வாட்டத்தில் பை சிறிது நேரம் களத்தை விட்டு வெளியேறி நிற்க, அந்நேரம் பாலு அணியை நடத்தினார். நாற்பத்து நான்கு வயதில் அவருக்குக் கிட்டிய தலைமை அவ்வளவே. மூன்று ஆண்டுகள் கழித்து 1923-ஆம் ஆண்டில் தம்பி விட்டல் இந்து அணியின் முழுத் தலைவரானார். அவ்வாண்டு இந்துக்கள் வென்றனர். மேல்சாதி இரசிகர்களே விட்டலைத் தோளில் தூக்கிச் சென்றனர்.

இந்நிகழ்ச்சிகளை நாம் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பாலுவின் அரசியலுக்கு வித்து இங்கேதான் இருக்கிறது. மண்குவளையில் தொடங்கித் தம்பியின் தலைமையில் முடிந்த முப்பதாண்டுப் பயணத்தை அவர் கண்ணாரக் கண்டார். ஒரே அணியில் நின்று, திறமையைக் காட்டி, பொறுமையோடு போராடினால் இந்து சமூகம் மெல்ல மெல்லத் திருந்தும் என்னும் நம்பிக்கையை அப்பயணம் அவருக்குத் தந்தது. காந்தியடிகளின் தீண்டாமை எதிர்ப்புப் பிரசாரமும் அந்நம்பிக்கையை வளர்த்தது.

1932: இரு வழிகள்

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை வழங்கியது. இன்று நாம் 'தனித் தொகுதி' என்று சொல்வது வேறு, இது வேறு. இன்றைய தனித் தொகுதியில் வேட்பாளர் நம்மவர், வாக்களிப்போர் அனைத்துச் சாதியாரும். அன்றைய தீர்ப்பின்படி வேட்பாளரும் நம்மவர், வாக்களிப்போரும் நம்மவரே. பொதுத் தொகுதியில் மற்றொரு வாக்கும் உண்டு. வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனாரும் வாதாடிப் பெற்ற உரிமை அது.

அதனை எதிர்த்துக் காந்தியடிகள் செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாகாண சபைகளில் இடங்கள் 148 ஆக உயர்ந்தன. ஆனால் தனி வாக்காளர் தொகுதி போய்க் கூட்டு வாக்காளர் தொகுதி வந்தது. கையெழுத்திட்டோருள் அண்ணல், சீனிவாசனார், எம்.சி. ராஜா ஆகியோருடன் பி. பாலு என்னும் பெயரும் உண்டு. ஆனால் அதனை ஒப்பிய மனநிலை ஒன்றன்று. அண்ணல் ஓர் உயிரின் சுமை தம் தலைமேல் ஏற்றப்பட்ட நிலையில் வேறு வழியின்றி ஒப்பினார். பாலுவும், கூட்டுத் தொகுதி வேண்டி டாக்டர் மூஞ்சேயுடன் முன்னரே உடன்பாடு செய்திருந்த எம்.சி. ராஜாவும் அதனை மனமுவந்து ஆதரித்தனர்.

அதன் பின் இருவரும் எதிரெதிர்த் திசையில் நடந்தனர். 1933-ஆம் ஆண்டில் பாலு இந்து மகாசபையின் சார்பில் பம்பாய் நகராட்சித் தேர்தலில் நின்று தோற்றார். 1935 அக்டோபரில், இந்துவாகப் பிறந்த தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று இயோலாவில் அண்ணல் முழங்கியபோது, மதம் மாறுவது தற்கொலைக்கு ஒப்பாகும் என்று பாலு மறுத்துரைத்தார்.

1937: களத்தில் இருவர்

1936-ஆம் ஆண்டில் அண்ணல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1937 தேர்தலில் பம்பாய் நகரின் பைகுல்லா, பரேல் பகுதியில் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட இடத்திற்குப் போட்டியிட்டார். அவரை வீழ்த்தக் காங்கிரஸ் கட்சி தேர்ந்தெடுத்த வேட்பாளர் பாலு. ஆலைத் தொழிலாளர் நிறைந்த அப்பகுதியில் அவர் பெயரை அறியாதார் இல்லை. அண்ணலுக்கு 13,245 வாக்குகளும் பாலுவுக்கு 11,225 வாக்குகளும் கிடைத்தன. 2,020 வாக்குகளில் அண்ணல் வென்றார்.

இத்தேர்தலின் பொருள் என்ன? கூட்டு வாக்காளர் தொகுதியில், தாழ்த்தப்பட்டோரின் தலைவரை வீழ்த்த மற்றொரு தாழ்த்தப்பட்டவரை நிறுத்தி, மற்றையோர் வாக்குகளால் அவரை வெற்றிபெறச் செய்ய இயலும் என்பதே அண்ணலின் அச்சம். அவ்வச்சம் வீண் அச்சம் அன்று என்பதற்கு 1937-ஆம் ஆண்டின் பாலுவே சான்றாக நின்றார். தாம் அவ்வாறு பயன்படுத்தப்படுவதை அவர் உணர்ந்தாரோ உணரவில்லையோ, நிகழ்ந்தது அதுவே. இதனை மழுப்பிச் சொல்ல நாம் ஒருப்படோம்.

நம் மதிப்பீடு

அவ்வாறாயின் பாலு துரோகியா? அல்லர் என்பதே நம் முடிவு. காரணம் மூன்று.

முதலாவது, விலை போனவர் என்று சொல்ல அவர் வாழ்வில் இடமில்லை. அவர் கொண்ட கொள்கை அவர் வாழ்ந்த வாழ்விலிருந்து முளைத்தது. பதவி நாடி ஒரே நாளில் நிறம் மாறியவர்களோடு அவரைச் சேர்த்தெண்ணுதல் முறையன்று.

இரண்டாவது, அக்காலத்தில் இந்த வழியை நம்பியவர் அவர் ஒருவரே அல்லர். நம் எம்.சி. ராஜாவும் நம்பினார். 1938-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையில் தாம் கொண்டுவந்த ஆலயப் பிரவேச மசோதாவைக் காங்கிரஸ் அமைச்சரவையே ஆதரிக்க மறுத்தபோது மனம் நொந்தார். 1942-ஆம் ஆண்டில் கிரிப்ஸ் தூதுக்குழுவைக் காண அண்ணலுடன் இணைந்து சென்றார். பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட, பாலுவைப் போன்றே சமார் வகுப்பினரான பி.என். ராஜ்போஜும் பின்னாளில் அண்ணலின் தாழ்த்தப்பட்டோர் சம்மேளனத்தின் பொதுச் செயலாளரானார். ஒருவர் ஓர் ஆண்டில் நின்ற இடத்தைக் கொண்டு அவர் வாழ்நாளையே எடை போடுவது எத்துணைப் பிழை என்பதை இவர்கள் வரலாறு காட்டுகிறது.

மூன்றாவது காரணம் கசப்பானது. பாலு சமார் வகுப்பினர்; அண்ணல் மகர் வகுப்பினர். மகர்கள் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். அவர்கள் தலைமையில் தங்கள் குரல் அமுங்கிவிடும் என்னும் ஐயம் பம்பாய் மாகாணத்துச் சமார்களிடையே இருந்தது. அந்த ஐயத்தைப் பிறர் பயன்படுத்திக்கொண்டனர். ஆயின் அந்த ஐயம் ஏன் எழுந்தது என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டாமா? பறையர், பள்ளர், அருந்ததியர் என்று நம்மிடையேயும் படிகள் இல்லையா? கீழ்ப்படியில் நிற்கும் உடன்பிறப்புக்கு நாம் தனிக் குவளை வைத்தால், அவன் வேறு வாசலை நாடிச் செல்வதைக் குறைகூற நமக்கு வாயேது?

பாலுவைத் துரோகி அல்லர் என்பதால் அவர் வழி சரியென்று ஆகிவிடாது. அவர் தம் களத்திலிருந்து பாதிப் பாடத்தையே கற்றார். அணியில் இடம் கிடைத்ததை அவர் கண்டார். அந்த அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் தம்மவர் ஒருவரும் இல்லை என்பதற்கு உரிய எடையை அவர் தரவில்லை. 179 விக்கெட் வீழ்த்தியவருக்குக் கிட்டாத தலைமை அவர் தம்பிக்குக் கிட்டியது எவ்வாறு? திறமையைப் பார்த்து மனம் இரங்கித் தந்தனர் என்று கொள்ள இயலுமா? 1920-இல் தம்பியர் இருவர் அணியை விட்டு வெளியேறி, ஊரறிய நியாயம் கேட்ட பின்னரே தேர்வுக் குழு அசைந்தது. பொறுமை பத்தாண்டுகளில் பெற்றுத் தராததை வெளிநடப்பு பெற்றுத் தந்தது. அண்ணல் அரசியலில் கேட்டதும் அதுவே: நம் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கையில் இருத்தல் வேண்டும். பாலுவின் வீட்டிலேயே நிகழ்ந்த இப்பாடம், அவர் அரசியலுக்குள் நுழையவில்லை என்பதே நமக்கு வருத்தம்.

பாலு 1955 ஜூலையில் காலமானார். அடுத்த ஆண்டு அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் இலட்சக்கணக்கான மக்களுடன் பௌத்தம் தழுவினார். வெளியேறுவதா, உள்ளிருந்து திருத்துவதா என்று அவ்விருவரிடையே நடந்த வாதம் இன்றும் நம் வீடுகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இளைஞர்களே! நீங்கள் படித்துப் பட்டம் பெற்று அலுவலகங்களிலும் கட்சிகளிலும் சங்கங்களிலும் இடம் பெறுவீர்கள். பெறுதல் வேண்டும், அதற்காகவே இக்கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது. இடம் கிடைத்த அன்றே ஒன்றைக் கேளுங்கள்: இங்கே தேர்ந்தெடுப்பவர் யார்? அக்குழுவில் நம்மவர் உண்டா? அவ்வாறு கேட்கத் தெரிந்தவரே பாலுவின் திறமையோடு அண்ணலின் தெளிவையும் பெற்றவராவார்.

படத்தைப் பற்றிய விவாதம் முடிவுக்கு வந்தது. பாலுவின் படம் கண்காட்சியில் இடம்பெறும். அதன் கீழே, 1911-ஆம் ஆண்டில் 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார் என்று ஒரு வரியும், 1937-ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார் என்று மற்றொரு வரியும், ஒரே அளவு எழுத்தில் எழுதப்படும். ஆட்சேபித்த இளைஞர்களிடமே அவ்விரண்டு வரிகளையும் எழுதும் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறோம்.